பெருவழுதியின் குதிரை

சிராங்கூன் சாலைப் பூக்கடையில் ஒரு முழம் மல்லிகைக்குத் தாளை நீட்டினால், திரும்பி வரும் சில்லறையில் தமிழ் இருக்கும். 1985இல் வந்த சிங்கப்பூரின் இரண்டாம் வரிசை நாணயங்களில் அரசுச் சின்னத்தைச் சுற்றி நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் உண்டு. இன்றைய வரிசையிலும் அப்படித்தான். அதை யாரும் நின்று படிப்பதில்லை. காசில் தமிழ் என்பது இங்கே அவ்வளவு பழகிப்போன விஷயம். ஆனால் 1980களின் நடுப்பகுதிவரை, சங்ககால மூவேந்தர் தங்கள் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்று சொல்ல வரலாற்றாசிரியர்களிடம் ஒரு காசுகூட இல்லை. அந்த நிலையை மாற்றியவர் பேராசிரியர் அல்ல, பத்திரிகை ஆசிரியர். 'தினமலர்' இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021).

அவருக்கு முன்பே தென்னிந்தியக் காசுகளைத் தேடியவர்கள் உண்டு. வால்டர் எலியட்டின் நூல் 1880களில் வந்தது. மதுரையில் ட்ரேசி என்ற பாதிரியார் பாண்டியர் காசுகளைப் பற்றி எழுதினார். லோவந்தால் 1888இல் திருநெல்வேலிக் காசுகளுக்கென்றே ஒரு சிறுநூல் போட்டார். திருச்சி வழக்கறிஞர் தேசிகாச்சாரி 1933இல் எழுதினார். எல்லாரும் சதுரச் செப்புக்காசுகளைப் பார்த்தவர்களே. யானை, மீன், புலி என்று உருவங்களை அடையாளம் கண்டார்கள். எழுத்து மட்டும் கிடைக்கவில்லை. எழுத்தில்லாத காசு ஊமைச் சாட்சி மாதிரி. கூண்டில் ஏறி நிற்கும், யார் பெயரையும் சொல்லாது.

1984இல் மதுரையில் பழங்காசு விற்பவர் ஒருவரிடம் கிருஷ்ணமூர்த்தி வாங்கிய செப்புக்காசு பேசியது. கட்டைவிரல் நகமளவு சதுரம். ஒரு பக்கம் இடப்புறம் பார்த்து நிற்கும் குதிரை, தொட்டிக்குள் ஆமைகள். மறுபக்கம் கோடுகளாகச் சுருக்கி வரைந்த மீன் சின்னம். குதிரைக்கு மேலே தமிழ் பிராமியில் 'பெருவழுதி'. அந்தப் பெயரில் உள்ள 'ழ'வைக் கவனியுங்கள். வடக்கே வழங்கிய பிராமியில் அந்த எழுத்து கிடையாது. தமிழுக்காகச் சேர்த்துக்கொண்டது அது. காசின் மொழி எது என்ற கேள்விக்கு அந்த ஒற்றை எழுத்தே பதில். பெருவழுதி யார் என்பதுதான் தீராத வழக்கு. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்று சொல்ல ஆசைதான். ஆனால் பெருவழுதி என்ற பெயரைப் பாண்டியர் பலர் தாங்கியிருக்கிறார்கள்.

அதன்பிறகு வரிசையாக வந்தன. கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்து சேரரின் வெள்ளிக்காசுகள். 'மாக்கோதை' என்ற பெயரும் அதன் கீழே மனிதத் தலையுமாக ஒன்று. ரோமானிய வெள்ளிக்காசைப் பார்த்துச் செய்தது என்று பார்த்தவுடன் தெரியும். மலையமான் காசுகளில் மன்னனின் நாட்டு ஆறே வளைந்து ஓடுகிறது. 1997இல் இவற்றையெல்லாம் திரட்டிச் சங்ககாலத் தமிழ்க் காசுகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1994இல் வந்த இன்னொரு நூல். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் பற்றியது. தேய்ந்து போனவை, அழகில்லாதவை, சேகரிப்பவர்கள் ஒதுக்கித் தள்ளுபவை. அகஸ்டஸின் தங்கத்தோடு ரோமானிய வணிகம் முடிந்துவிடவில்லை, நான்காம் ஐந்தாம் நூற்றாண்டிலும் சில்லறையாக வந்துகொண்டிருந்தது என்பதை அந்தச் செல்லாக்காசுகள்தான் காட்டின.

குறையையும் சொல்ல வேண்டும். ஆற்று மணலில் அரித்தெடுத்த காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. எந்த ஆழத்தில், எந்தப் பானை ஓட்டோடு கிடந்தது என்று தெரியாவிட்டால் காலக் கணிப்பு எழுத்தின் வடிவத்தையே நம்பி நிற்கிறது. இரண்டு அறிஞர்கள் பார்த்தால் நூறு இருநூறு ஆண்டுகள் முன்பின்னாகும். கடைக்காரர் கையிலிருந்து வரும் காசில் போலி கலக்கும் அபாயமும் உண்டு. ஆனால் அவர் வாங்கியிருக்காவிட்டால் அவை அருங்காட்சியகத்துக்கா போயிருக்கும்? பாதி பாத்திரக்காரரின் உலையில் உருகியிருக்கும். என் கணக்கில் வரவுதான் அதிகம்.

இந்தக் கதைக்குக் கடலுக்கு இப்பாலும் ஒரு பக்கம் இருக்கிறது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்ற பழைய துறைமுகத்தில் புலி பொறித்த சோழர் சதுரச் செப்புக்காசு கிடைத்திருக்கிறது. அங்கேயே ஓர் உரைகல்லும் கிடைத்தது, மூன்றாம் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'பெரும்பதன் கல்' என்று அதில் தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது. யாரோ ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் தன் கல் தொலைந்துவிடக் கூடாதென்று பெயர் எழுதி வைத்தார் போலும். சிராங்கூன் நகைக்கடையில் பழைய சங்கிலியைக் கல்லில் உரைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் நினைவுக்கு வரும்.

நம் தீவின் காசுகளுக்கும் ஆய்வாளர்கள் உண்டு. பிரிட்மோர் எழுதிய நீரிணைக் குடியேற்றக் காசுகளின் வரலாற்றை ராஃபிள்ஸ் அருங்காட்சியகம் 1955இல் வெளியிட்டது. 1986இல் சரண் சிங் மலேசியா, சிங்கப்பூர், புருணை காசுகளுக்குக் களஞ்சியமே தொகுத்தார். இவற்றின் பக்கத்தில் வைக்க, செட்டியார் கிட்டங்கிகளிலும் துறைமுகத் தொழிலாளர் இடுப்பு மடிப்பிலும் புழங்கிய காசுகளைப் பற்றித் தமிழில் ஒரு விரிவான நூல் வரவேண்டும்.

அதுவரை வாசகரிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா கப்பலில் கொண்டுவந்த காசு உங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் கிடந்தால், தீபாவளிக்கு பித்தளைக் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். ஒரு காகித உறையில் போட்டு, யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு என்று வெளியே எழுதி வையுங்கள்.