நீலகிரித் தோடர் புகைப்படங்கள்: ஒரு மதிப்பீடு

நீலகிரித் தோடர் புகைப்படங்கள், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் புகைப்படக்காரர்கள் தோடர்களின் மந்துகளிலும் உதகமண்டலத்திலும் எடுத்த படங்கள். தோடர்களைப் பற்றி வெளியுலகம் கொண்ட சித்திரத்தில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

பின்னணி

1863-இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் இமயமலையில் மூன்று நீண்ட பயணங்களை மேற்கொண்டவர். 1860-களின் இறுதியில் நீலகிரிக்கு வந்து தோடர்களைப் படமெடுத்தார். அவர் பங்குதாரராக இருந்த போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிறுவனத்தின் படங்கள், ராணுவ அதிகாரி வில்லியம் மார்ஷல் தோடர்களைப் பற்றி 1873-இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றன. மண்டையோட்டின் அமைப்பைக்கொண்டு மனிதரின் குணத்தை அறியலாம் என்னும் கபாலவியலை மார்ஷல் நம்பினார். இன்று அது போலி அறிவியலாகக் கருதப்படுகிறது.

நுட்பம்

அன்று வழக்கிலிருந்தது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அருகிலேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். மலைப்பாதையில் கண்ணாடி, ரசாயனம், கூடாரம் அனைத்தையும் சுமையாட்கள் தூக்கிச் சென்றனர். தகட்டில் ஒளி பதியச் சில விநாடிகள் பிடிக்கும். அதுவரை எதிரே இருப்பவர் அசையக் கூடாது.

கொலோடியன் நீல நிறத்தை எளிதில் வாங்கும், சிவப்பை ஏறக்குறைய வாங்காது. எனவே வானம் வெறும் வெள்ளையாகவும், மனிதர்களின் தோல் இருப்பதைவிடக் கருமையாகவும் விழுந்தன. தோடப் பெண்கள் இழைகளை எண்ணித் தைக்கும் பூத்துக்குளியின் அழகு, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் மாறிமாறி வருவதில் இருக்கிறது. இம்முறையில் இரண்டு நிறமும் ஒரே கருமையாகிவிடும்.

மதிப்பீடு

இப்படங்களைப் பார்ப்பவர்கள் தோடர்களின் இறுகிய முகத்தை அவர்களின் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பெருமளவு தகட்டின் தேவை. அதே காலத்து லண்டன் படங்களிலும் சிரிப்பு அரிது. நேர்முகம், பக்கமுகம் என்று தலையை அளப்பதற்காக எடுக்கப்பட்டவை இவற்றில் மிகப் பலவீனமானவை. அவற்றில் மார்ஷலின் கொள்கை தெரிகிறது, எதிரே நின்ற மனிதர் தெரிவதில்லை.

மாறாக, அரைவட்டக் கூரை கொண்ட வீட்டின் முன் குடும்பமாக நிற்கும் படங்கள் மதிப்பு மிக்கவை. குனிந்து நுழையும் சிறு வாசல், போர்வையைச் சுற்றும் விதம், பெண்களின் சுருள்கூந்தல் ஆகியவற்றுக்கு இவை நம்பகமான சான்றுகள்.

1901-02-இல் தோடர்களிடையே ஆய்வு செய்த டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ், 1906-இல் வெளியிட்ட நூலில் படங்களுடன் வம்சவழிகளையும் பெயர்களையும் விரிவாகப் பதிவு செய்தார். அதற்குள் உலர்தகடு வந்துவிட்டதால் வேலை செய்யும் மனிதர்களையும் எடுக்க முடிந்தது. ஆயினும் தோடர் வழிபாட்டின் மையமான பால்மனைக்குள் வெளியார் நுழைய முடியாது. படங்கள் அதன் சுவருக்கு வெளியிலேயே நிற்கின்றன.

தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வடிவங்களைத் தேடி இப்படங்களை நாடும் மாணவர்கள், கருமையாகத் தெரியும் இடத்தில் சிவப்பும் இருந்திருக்கலாம் என்பதை மனதில் கொள்ள வேண்டும். நிறத்தைப் பொறுத்தவரை தைக்கும் பெண்களின் நினைவே இப்படங்களைவிட நம்பத்தக்க ஆவணம்.