ஓராண்டுப் பதவிக்குப் பிறகு?

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களின் படைப்புகளுக்குக் கலைக்கூடச் சுவர்களில் இடம் கிடைக்கத் தொடங்கிவிட்டது. 2021இல் ஹேஸ்டிங்ஸ் நகரின் புராஜெக்ட் ஆர்ட் வொர்க்ஸ் குழு, கலைக்கான டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 2025இல் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ள நேனா கலு அந்தப் பரிசையே வென்றார். ஆனால் எந்தப் படைப்பை, எங்கே, எந்த உயரத்தில் வைப்பது என்று முடிவெடுப்பவர் கியூரேட்டர். அந்தப் பொறுப்புக்கு மாற்றுத்திறனாளிகள் வருவதுதான் இன்னும் கடினம்.

ஷ்ரோப்ஷயரில் தொடங்கிய டாஷ் அமைப்பு இதற்கு ஒரு வழி கண்டது. மாற்றுத்திறனாளிக் கியூரேட்டர்களைக் கலைக்கூடங்களுக்குள் குறிப்பிட்ட காலத்துக்கு ஊதியத்தோடு அமர்த்துவது. இதன் பலன் உண்மையானது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும் என்பது பல கூடங்களின் வழக்கம். நின்று பார்ப்பவரின் கண்ணுக்குப் போட்ட கணக்கு அது. சக்கர நாற்காலியில் வரும் கியூரேட்டர் அதை அப்படியே ஏற்கமாட்டார். குள்ள உருவம் கொண்ட கியூரேட்டர் அமண்டா கச்சியா 2012இல் அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் நடத்திய கண்காட்சிக்கு, உடலால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியே தலைப்பு. அணுகல் வசதி கலைச் சிந்தனையின் பகுதி என்று அவர் தொடர்ந்து எழுதிவருகிறார்.

இன்னொரு நல்ல வழக்கம், கியூரேட்டர் தனக்கு வேண்டியதை முன்கூட்டியே எழுதித் தரும் ஒருபக்கக் குறிப்பு. கேள்விகளை முன்னதாக அனுப்புங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டம் வேண்டாம், அமைதியான அறை வேண்டும் என்பது போன்றவை அதில் இருக்கும். ஏ.டி.எச்.டி. உள்ளவர் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டு விளக்கும் சங்கடம் குறைகிறது. ஆனால் புதிய இடம் ஒவ்வொன்றிலும் தன் உடல்நிலையை மீண்டும் எழுதித் தரவேண்டியவர் அவரே. குறிப்பை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு கடமை முடிந்ததென நினைக்கும் நிர்வாகத்தை அது ஒன்றும் செய்யாது.

என் முக்கியமான மறுப்பு காலத்தைப் பற்றியது. திறப்புவிழாத் தேதி அசையாது. படங்களை மாட்டும் வாரத்தில் ஏணி, கண் கூசும் விளக்கு, இரவுவரை வேலை. வலியோடும் சோர்வோடும் வாழ்பவருக்கு அந்த வாரம் இரண்டு வாரமாக நீளவேண்டும். சைகைமொழிபெயர்ப்பாளர், உதவியாளர் செலவுக்கு 1994 முதல் பிரிட்டனில் ‘ஆக்சஸ் டு வொர்க்’ என்ற அரசு உதவி உண்டு. ஆனால் விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. ஓராண்டுப் பதவியில் அது எவ்வளவு பெரிய இழப்பு!

பதவி முடிந்ததும் கியூரேட்டரோடு அவருடைய அனுபவமும் வெளியேறுகிறது. கூடம் அடுத்தவரிடம் முதலிலிருந்து கற்கத் தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளாகப் பயிற்சி பெறாமல் இருப்பது கூடங்கள்தான். இனி நிதி தருவோர் பயிற்சி இடங்களைக் கூட்டுவதோடு நிற்காமல், நிதி பெறும் கலைக்கூடத்திடம் ஒரு நிரந்தரப் பணியிடத்தையும் தளர்வான கண்காட்சி அட்டவணையையும் எழுத்தில் கேட்கவேண்டும்.