கமலாம்பாள் சரித்திரமும் கதைத் திட்டமும்

'கமலாம்பாள் சரித்திரம்' இடையில் முறிந்த நாவல் என்பது திறனாய்வாளர் பலர்தம் முடிபு. முற்பகுதி சிறுகுளத்தின் அன்றாட வாழ்வை நகைச்சுவை ததும்பக் காட்டுகின்றது. பிற்பகுதி முத்துஸ்வாமி ஐயரின் வேதாந்த நாட்டத்தைப் பற்றிச் செல்கின்றது. மாதந்தோறும் வெளிவந்த தொடர்கதை ஆதலின், ஆசிரியர் முன்னரே வகுத்த திட்டமின்றி மனம் போன போக்கில் எழுதிவிட்டார் என்று இதற்குக் காரணமும் கூறுவர். வகுப்பறையில் யாமும் பல்லாண்டு இவ்வாறே கற்பித்து வந்தோம். மீண்டும் பயின்றபொழுது அக்கூற்றுப் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

பி. ஆர். ராஜம் ஐயர் இக்கதையை 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் எழுதினார். அப்பொழுது அவர் இருபதைக் கடந்த இளைஞர், 1898இல் மறைந்தும்விட்டார். தொடராக வந்த காலத்திலேயே இதன் பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பதாகும். பழிச்சொல்லால் இடர் விளையப் போகின்றது என்பதை அத்தலைப்பே அறிவித்துவிடுகின்றது. ஆகவே, கதை திரும்பும் இடம் ஆசிரியர்க்குத் தெரிந்தே இருந்தது. அதற்குச் செல்லும் வழியை மட்டும் அவர் அடி அடியாக அளந்து வைத்திலர் எனக் கொள்ளுதலே தகும்.

வம்பர் மகாசபையை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெண்டிர் கூடிப் பிறர் கதை பேசும் அக்காட்சி, படிக்கும்பொழுது வெறும் நகைச்சுவையாகவே தோன்றுகின்றது. நிகழ்ச்சி நிரலை எதிரே வைத்துக்கொண்டு எழுதுவோர் முதலில் நீக்கியிருக்கக்கூடியது அதுவே. ஆனால், யாரையும் விடாத அந்நாவின் இயல்பை முன்னரே கேட்டுப் பழகியிராவிடின், பின்னர்க் கமலாம்பாள்மேல் பழி எழும்போது நாம் அதனை ஆசிரியர் வலிந்து புகுத்திய சூழ்ச்சி என்றே கொள்வோம். சிரித்துக்கொண்டே கேட்ட பேச்சு ஒரு குடும்பத்தைக் குலைக்கின்றது. நாமும் அச்சபையில் அமர்ந்திருந்தோம் அல்லவா என்னும் கூச்சம் படிப்போர்க்கு எழுகின்றது. முறிவு என்று சொல்லப்படும் இடத்தில் இத்துணை உறுதியான பிணைப்பு இருத்தலை நாம் கண்டிலோம்.

ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் நிலை வேறு. இத்தமிழ்ப் பண்டிதர் கதையின் ஓட்டத்திற்கு இன்றியமையாதவர் அல்லர். எழுத எழுத ஆசிரியர்க்கு அவர்மேல் பற்று மிகுந்து, அவர்க்குரிய இடமும் பெருகியது போலும். திட்டம் வகுத்திருப்பின் தமிழ் நாவல் அவரை இழந்திருக்கும். (அவரைக் கண்டு சிரிக்குங்கால் தமிழாசிரியராகிய நாம் சற்றே நெளிவதும் உண்டு.)

இதனால் நூலில் குறையே இல்லை என்பது எம் கருத்தன்று. பிற்பகுதியில் தற்செயல் நிகழ்ச்சிகள் அளவிறந்து துணை செய்கின்றன. வேண்டியவர் வேண்டிய பொழுது எதிர்ப்படுகின்றனர். சிறுகுளத்தில் ஒரு திண்ணைப் பேச்சுக்கும் பொறுமையோடு இடந்தந்த எழுத்து, பின்னர் ஊர்விட்டு ஊர் விரைகின்றது. கதை தமக்கு முதன்மையன்று, அமைதியற்ற ஓர் உயிர் அமைதி பெற்றதைக் கூறுதலே நோக்கம் என்னும் பொருள்பட ஆசிரியர் நூலிறுதியில் குறிக்கின்றார். எழுதி முடித்தபின் தோன்றிய விளக்கமாகவும் அஃது இருக்கலாம். அதனை அப்படியே ஏற்றல் வேண்டா. பழி சுமந்தவள் கமலாம்பாள். ஆயினும், அகப்போராட்டம் விரிவாகப் பேசப்படுவது அவள் கணவர்க்கே. முறிவைத் தேடுவோர் அவ்விடத்தே தேடல் வேண்டும்.