காதல்குச்சி

ஒரு ஜெர்மன் கதையை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழாக்கியபோது, கிழவி சூப்பில் கிள்ளிப் போடும் இலைக்குக் 'காதல்குச்சி' என்று எழுதினேன். மூலத்தில் லீப்ஷ்டொக்கெல். 'லீப்' அன்பு, 'ஷ்டொக்' குச்சி. ஜெர்மன் தெரிந்த நண்பர் ஒருவர், வார்த்தையின் பிறப்பே வேறு, திருத்திவிடுங்கள் என்றார்.

அவர் சொன்னது சரிதான். கொத்தமல்லி, ஓமம் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி, ஆளுயரத்துக்கு வளரும். இத்தாலியில் லிகூரியா என்ற கடற்கரைப் பிரதேசத்தின் பெயரால் லத்தீனில் லிகுஸ்டிகம் என்றார்கள். அது பின்னால் லெவிஸ்டிகம் என்று திரிந்தது. சார்லமேன் காலத்துத் தோட்டச் செடிப் பட்டியலில் இந்த உருவத்தில்தான் இருக்கிறது. ஜெர்மன் குடியானவனின் காதில் இது அர்த்தமில்லாத சப்தமாக விழுந்திருக்க வேண்டும். தனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைகளாக அதை ஆக்கிக்கொண்டான். ஊர் போயிற்று, காதல் வந்தது. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சு வழியாக இதே பெயரைப் பெற்று, தன் பங்குக்கு அதில் 'லவ்' என்று கேட்டான்!

இம்மாதிரித் திரிபுகளுக்கு 1852-இல் ஃபோர்ஸ்டெமன் என்ற பண்டிதர், ஜனங்களின் சொல்லாராய்ச்சி என்று பொருள்படப் பெயர் வைத்தார். அதில் லேசான ஏளனம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

தவறு என்று சொல்லி அகராதியை மூடிவிடுவது விமரிசனமாகாது. பெயர் வந்த பிறகு நம்பிக்கையும் வந்தது. காதல் மருந்துகளில் அந்தச் செடியைச் சேர்த்தார்கள். இலையில் அப்படி என்ன இருந்தது? பெயர்தான் இருந்தது. லிகூரியாவை நினைத்து யாரும் மருந்து அரைக்கவில்லை. நாவல் எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய காரியம் இது.

இப்போது ஜெர்மனியில் அதை மாகி மூலிகை என்றும் சொல்கிறார்கள். 1886-இல் ஸ்விட்ஜர்லாந்தில் யூலியுஸ் மாகி விற்க ஆரம்பித்த சுவைச்சாற்றின் வாசனை இந்த இலையின் வாசனைதான். சாற்றில் இலை கிடையாது. (நாடகாசிரியர் வேடெகிண்ட் அந்தக் கம்பெனிக்குக் கொஞ்ச காலம் விளம்பரம் எழுதிப் பிழைத்திருக்கிறார். அவர் சூட்டிய பெயரல்ல இது.) இதையும் ஜனங்களின் தவறென்றே கொள்ள வேண்டும். ஆனால் இதில் எனக்கு ருசியில்லை. புட்டியை மோந்து செடிக்குப் பெயர் வைத்த கதை.

நண்பருக்கு நன்றி எழுதிவிட்டேன். கதையில் வரும் கிழவிக்கு லத்தீன் தெரியாது. அடுத்த பதிப்பிலும் அவள் காதல்குச்சியைத்தான் கிள்ளிப் போடுவாள்.