சுபேதார் பெரியவரா, லெப்டினன்ட் பெரியவரா?

பட்டாளத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் எழுவது ரேங்க் பற்றிய கேள்விதான். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போலத் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் இதற்குப் பதில் சொல்லத் திண்ணைதோறும் ஒரு பெரியவர் இருப்பார். மற்ற ஊர்களில் குழப்பம் தீர்வதே இல்லை. சுபேதாரின் தோளிலும் இரண்டு நட்சத்திரம், லெப்டினன்ட்டின் தோளிலும் இரண்டு நட்சத்திரம். இவர்களில் யார் பெரியவர்? சுபேதாரின் தோள்பட்டையில் நட்சத்திரங்களோடு ஒரு வண்ண நாடாவும் இருக்கும். அந்த நாடா இல்லாத லெப்டினன்ட்தான் மேலதிகாரி. விதிப்புத்தகம் தரும் பதில் இவ்வளவே.

ஆனால் பட்டாலியனுக்குள் போய்ப் பார்த்தால் பதில் இத்தனை சுருக்கமாக இராது. டேராடூனிலோ சென்னைப் பரங்கிமலை அகாடமியிலோ பயிற்சி முடித்த 22, 23 வயது லெப்டினன்ட் யூனிட்டில் வந்து இறங்குகிறார். அங்கே அவருக்குச் சல்யூட் அடிக்கும் சுபேதார் இருபது ஆண்டுகளுக்கு மேல் பனியிலும் பாலையிலும் கிடந்தவர். லெப்டினன்ட் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'சாஹிப்' என்றே அழைக்கிறார். உத்தரவிடும் உரிமை இளையவருக்கு. அந்த உத்தரவை எப்படி நிறைவேற்றுவது என்ற அறிவு மூத்தவருக்கு. இந்த இருவரின் உறவில்தான் இந்தியக் காலாட்படையின் அன்றாடம் நடக்கிறது.

நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற மூன்று படிகளைச் சேர்த்து ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்) என்கிறார்கள். கவசப்படையில் இதே வரிசைக்கு ரிசால்தார் என்று பெயர். ஜவான், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஏறி வருபவர்கள் இவர்கள். நேரடியாக நாயப் சுபேதாராகச் சேரும் மதகுருமார்களும் விளையாட்டு வீரர்களும் விதிவிலக்கு. ஈட்டி எறிதலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற நீரஜ் சோப்ரா 2016-இல் அப்படிச் சேர்ந்தவர்தான். பிரிட்டன், அமெரிக்கப் படைகளில் பிளட்டூனுக்குத் தலைவர் ஓர் இளம் லெப்டினன்ட். பக்கத்தில் அனுபவம் மிக்க சார்ஜென்ட் நிற்பார். இந்தியாவில் முப்பதுக்கு மேற்பட்ட வீரர்கள் கொண்ட பிளட்டூனைப் பெரும்பாலும் ஜே.சி.ஓ.வே நடத்துகிறார். அதிகாரியும் அல்லாத, சாதாரண வீரரும் அல்லாத இந்த நடுத்தட்டு நாட்டுக்கு நல்லதா என்ற கேள்வி நூறாண்டாக இருந்து வருகிறது.

இது கிழக்கிந்தியக் கம்பெனி விட்டுச்சென்ற ஏற்பாடு. மொழியும் வழக்கமும் தெரியாத வெள்ளைக்கார அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் நடுவே ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் எத்தனை போர் கண்டவரானாலும், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளை லெப்டினன்ட்டுக்குக் கீழேதான். முதல் உலகப் போர் முடியும் தறுவாய் வரை, படைக்குத் தலைமை தாங்கும் முழு அதிகாரப் பதவி நடைமுறையில் இந்தியருக்குத் திறக்கப்படவில்லை. பின்னாளில் தலைமைத் தளபதியான கரியப்பா 1919-இல் அதிகாரியானது அந்தக் கதவு திறந்த பிறகுதான். டேராடூன் அகாடமி 1932-இல் தொடங்கியதும் ஒரு சோதனை நடந்தது. இந்தியமயமாக்கத் தேர்ந்தெடுத்த யூனிட்டுகளில் இந்த நடுத்தட்டை நீக்கி, பிளட்டூன்களைப் புதிய இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைக்க முனைந்தார்கள். வெள்ளை அதிகாரிக்குக் கம்பெனி, தமக்குப் பிளட்டூனா என்று இந்திய அதிகாரிகள் மனம் கசந்தார்கள். ஹவில்தார்களுக்கோ ஏறிப் போக இடமே இல்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் படை இருபது லட்சத்தைத் தாண்டிப் பெருகியபோது அந்தச் சோதனை ஏற்பாடு தாங்கவில்லை. எரித்திரியாவின் கெரனில் சுபேதார் ரிச்பால் ராமும், துனீசியாவில் சுபேதார் லால்பகதூர் தாப்பாவும் விக்டோரியா கிராஸ் பெற்ற போர் அது. விடுதலைக்குப் பிறகும் இந்தியாவும் பாகிஸ்தானும் இந்தத் தட்டைக் கைவிடவில்லை. 1965-இல் ஜமேதார் என்ற பதவி நாயப் சுபேதார் ஆயிற்று. மற்றபடி அமைப்பு பழையபடியே தொடர்ந்தது.

தொடர்ந்ததற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல. போர்க்களம் அதன் பயனைக் காட்டியிருக்கிறது.

1962 அக்டோபர் 23. அருணாசலத்தின் பும் லா அருகே முதலாம் சீக்கியப் பட்டாலியனின் ஒரு பிளட்டூன், அலையலையாக வந்த சீனப் படையை எதிர்த்து நின்றது. அன்றைய இந்தியக் காலாட்படையின் கையில் இருந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடவேண்டிய பழைய .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. பிளட்டூன் தலைவர் சுபேதார் ஜோகிந்தர் சிங்குக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. தொடையில் குண்டு பாய்ந்த பின்னும் அவர் பின்வாங்க மறுத்தார். தோட்டா தீர்ந்ததும் எஞ்சியவர்களோடு துப்பாக்கிச் சனியனை நீட்டிக்கொண்டு பாய்ந்தார். சிறைபிடிக்கப்பட்டு உயிர் நீத்த அவருக்குப் பரம்வீர் சக்ரா அளிக்கப்பட்டது. மேலிடத்தின் திட்டமிடல் பொய்த்துப்போன அந்தப் போரில், ஒரு பிளட்டூனை நிலைகுலையாமல் வைத்திருந்தது ஒரு சுபேதாரின் சொல்.

சியாச்சின் நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. 1987 ஜூனில், சுமார் 21,000 அடி உயரத்தில் பாகிஸ்தான் பிடித்து வைத்திருந்த காவல்நிலையை மீட்கப் போன 8-ஆம் ஜம்மு காஷ்மீர் லைட் இன்ஃபன்ட்ரியின் முதல் முயற்சிகள் வெற்றி பெறவில்லை. அவற்றுக்கும் சுபேதார்களே தலைமை தாங்கினார்கள். ஜூன் 26 அன்று நாயப் சுபேதார் பானா சிங் நான்கு பேருடன் செங்குத்தான பனிச்சுவரில் ஏறி அதைப் பிடித்தார். மூச்சே திணறும் உயரத்தில், ஏற்கெனவே தோழர்களைப் பறிகொடுத்த இடத்துக்கு மறுபடி வீரர்களை அழைத்துப் போக வேண்டும். அவர்களோடு ஒரே பாசறையில் படுத்து, ஒரே ரொட்டியைத் தின்று, அவர்களின் வீட்டுக் கடன்வரை அறிந்த ஒருவருக்குத்தான் அந்த நம்பிக்கை வாய்க்கும். ஜே.சி.ஓ. என்ற அமைப்பின் வலு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

போரில்லாத நாளிலும் அந்த வலு வேலை செய்கிறது. லீவு கேட்டுக் கிடைக்காத ஜவான், ஊரில் நிலத்தகராறு உள்ள ஜவான், மனைவியின் கடிதம் படித்துத் தூக்கம் இழந்த ஜவான் என்று எல்லாரும் முதலில் போய் நிற்பது 'சாஹிப்' முன்னால்தான். இரண்டு மூன்று ஆண்டில் அதிகாரிகள் மாறிப் போய்க்கொண்டே இருப்பார்கள். யூனிட்டின் நினைவைக் காத்து வைப்பவர் சுபேதார் மேஜர். கமாண்டிங் ஆபீசருக்கு நேரே போய் 'இது சரிப்படாது, சார்' என்று சொல்லும் இடம் அவருக்கு உண்டு. இந்தியத் தரைப்படையில் 2024 ஜூலை நிலவரப்படி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அதிகாரி இடங்கள் காலி. அத்தனை பற்றாக்குறையோடும் பட்டாலியன்கள் நடப்பதற்கு முதற்காரணம் இந்த நடுத்தட்டு.

இந்த அமைப்பின் குறைகளும் சாதாரணமானவை அல்ல. அவற்றில் பழமையானது வேலூர்க் கோட்டையிலேயே பதிவாகியிருக்கிறது. 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சிக்குச் சில வாரங்கள் முன்பு, முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் வெள்ளை அதிகாரியிடம் போய், கோட்டைக்குள் கிளர்ச்சி உருவாகிறது என்று சொன்னார். அதிகாரி அதை விசாரிக்கும் பொறுப்பை இந்தியச் சுபேதார்களிடமே விட்டார். 'அப்படி ஒன்றுமில்லை, இவன் பித்தன்' என்று அவர்கள் சொல்ல, முஸ்தபா பேக் சிறையில் கிடந்தார். விடுதலை வரலாற்றில் வேலூர் தமிழ் மண்ணின் பெருமை. அந்தப் பெருமையைத் தொடாமலே படை அமைப்பைப் பற்றிய ஒரு பாடத்தை அதிலிருந்து எடுக்கலாம். கீழிருந்து வரும் செய்திக்கு ஒரே வாசல் இருந்தால், அந்த வாசலில் நிற்பவர் நினைத்ததே மேலே போய்ச் சேரும். இன்றும் ஒரு ஜவானின் குறை, சாஹிபைப் பற்றியதாகவே இருந்தால், அது எங்கே போகும்? விதிப்படி மேலே முறையிட வழி உண்டு. அதே சாஹிபின் கீழ் இன்னும் பல ஆண்டு வாழ வேண்டிய இளைஞர் அந்த வழியில் நடக்கத் தயங்குவார். ஜவான்களோடு நாள்தோறும் கலந்து பழகாமல், எல்லாவற்றுக்கும் 'சாஹிபைக் கேளுங்கள்' என்று தப்பித்துக்கொள்ளும் அதிகாரிகளை உருவாக்கியதும் இந்த அமைப்பின் குறைதான்.

அடுத்தது வயது. 1857-க்கு முன் வங்காளப் படையில் மூப்பு ஒன்றையே பார்த்துச் சுபேதார் ஆக்கினார்கள். முதுமையில் பதவி பெற்றவர்களால் சிப்பாய்களைக் கட்டி நடத்த முடியவில்லை என்பது அப்போதே எழுந்த விமர்சனம். இன்று தேர்வுப் பயிற்சியும் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையும் இருக்கின்றன. ஆனாலும் நாயப் சுபேதார் ஆவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகிவிடுகிறது. பானா சிங் 38 வயதில் பனிமலை ஏறியதைக் காட்டி வயது ஒரு பொருட்டல்ல என்று வாதிடலாம். அது தனி மனிதரின் ஆற்றல். அதை நம்பி ஓர் அமைப்பைக் கட்ட முடியாது. கார்கிலில் மனோஜ் பாண்டே என்ற இளம் லெப்டினன்ட் தம் பிளட்டூனைத் தாமே நடத்திப் போய் 1999 ஜூலையில் வீழ்ந்தார். மலையேறித் தாக்கும் வேலையில் இளமையின் இடம் என்ன என்பதை அந்தப் போர் உரக்கச் சொன்னது. இப்போது காலாட்படைப் பட்டாலியன்களில் 'அஷ்னி' என்ற பெயரில் ட்ரோன் பிளட்டூன்கள் வந்திருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு 18 வயதில் சேர்ந்த ஒருவர், 40 வயதில் அத்தகைய பிளட்டூனை நடத்த வேண்டுமானால், இடையில் அவருக்குப் படிப்பும் பயிற்சியும் திரும்பத் திரும்பக் கிடைத்தாக வேண்டும். அனுபவத்தை மதிக்கும் ராணுவம் அந்த அனுபவத்தைப் புதுப்பிக்கப் போதிய அக்கறை காட்டவில்லை.

எல்லாவற்றிலும் வலிப்பது ஊதியம். ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் லெப்டினன்ட்டின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். நாயப் சுபேதாருக்கு 35,400, சுபேதார் மேஜருக்கு 47,600. பதவி வேறு, தேர்வு வேறு என்பதால் இதை ஒப்புக்கொள்ளலாம். ராணுவப் பணியின் துன்பத்துக்கென்று தனியே தரும் மிலிட்டரி சர்வீஸ் பேயை எப்படி ஒப்புக்கொள்வது? அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய். அதே பனியில், அதே துப்பாக்கி முன்னால் நிற்கும் ஜே.சி.ஓ.வுக்கு 5,200. நிரந்தரப் பணியிலுள்ள கடைநிலை ஜவானுக்கும் அதே 5,200. கெசட்டில் பெயர் வரும் பதவி என்று சொல்லிப் பொறுப்பை ஏற்றுகிறார்கள். துன்பத்துக்குக் கணக்குப் போடும்போது கடைநிலையில் நிறுத்துகிறார்கள். தரைப்படையின் சுமார் 87,000 ஜே.சி.ஓ.க்களுக்கும், கடற்படை, விமானப்படையில் அவர்களுக்கு நிகரான 25,000 பேருக்கும் இதை உயர்த்தக் கேட்ட கோரிக்கையை நிதியமைச்சகம் 2018-இல் நிராகரித்துவிட்டது. ஆண்டுக்கு 610 கோடி ரூபாய் ஆகும் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. பாதுகாப்புச் செலவின் அளவோடு வைத்துப் பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

அதிகாரியாகும் வழிகளும் குறுகலானவை. டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் காலேஜ் இளம் ஜவான்களுக்கு நல்ல வாசல். வயது கடந்துவிட்டால் அது மூடிக்கொள்ளும். ஸ்பெஷல் கமிஷன் போன்ற வழிகள் மிகச் சிலருக்கே திறக்கின்றன. பணி முடியும் தறுவாயில் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் அளிக்கும் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பட்டங்கள் பெருமைக்குரியவைதாம். முப்பது ஆண்டு படை நடத்தியவருக்கு வீட்டுக்குப் போகும் வேளையில் வரும் பட்டம், பதவி உயர்வுக்கு ஈடாகாது. எட்டாயிரம் அதிகாரி இடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு, தகுதியுள்ள சுபேதார்களுக்கு இத்தனை சிறிய வாசல் வைத்திருப்பது நியாயமல்ல.

மக்களின் நினைவிலும் இந்தத் தட்டுக்கு இடமில்லை. மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை 2024-இல் 'அமரன்' படமாக வந்து தமிழர் வீடெங்கும் பேசப்பட்டது. அவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையோடு மோதி வீழ்ந்த இருபது பேரில் கர்னல் சந்தோஷ் பாபுவை நாடு அறியும். நம் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியைத் தமிழ்நாடு அறியும். அதே இரவில் உயிர் தந்த நாயப் சுபேதார்கள் நுதுராம் சோரன், மந்தீப் சிங், சத்னாம் சிங் ஆகியோரின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த நிலையில்தான் 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இனி ஜவானாகச் சேருவோர் நான்கு ஆண்டுக்கே சேருகிறார்கள். நால்வரில் ஒருவருக்கு, அதாவது 25 விழுக்காட்டினருக்கே, நிரந்தரப் பணி. படையின் சராசரி வயது 32-இலிருந்து 26 ஆகக் குறையும் என்று அரசு சொல்கிறது. வயது பற்றி மேலே சொன்ன குறைக்கு இது ஒரு மருந்துதான். தேறி நிற்கும் கால்பங்கினர் வருங்காலத்தில் நல்ல ஜே.சி.ஓ.க்களாக வரவும் கூடும். ஆனால் சுபேதார் என்பவர் இருபது ஆண்டில் உருவாகிறவர். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் தன் இடத்துக்குப் போட்டியாளன் என்ற எண்ணத்தோடு முதல் நான்கு ஆண்டைக் கழிப்பவரிடம், பானா சிங்கைப் பின்தொடர்ந்தவர்களிடம் இருந்த நம்பிக்கை வளருமா? தேர்வில் தனித்திறனை மட்டும் அளந்து, தோழரைத் தாங்கும் குணத்தை அளக்காமல் விட்டால், படைக்கு நல்ல துப்பாக்கி வீரர்கள் கிடைப்பார்கள்; நல்ல சாஹிப்கள் கிடைக்க மாட்டார்கள். 2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கிய முதல் அணிக்கு 2026 இறுதியோடு நான்கு ஆண்டு நிறைகிறது. நிரந்தரப் பணிக்கு 25 விழுக்காடு மிகக் குறைவு. அதை உயர்த்துவதே ஜே.சி.ஓ. தட்டைக் காக்கும் முதல் வேலை.

கம்பெனிக் காலத் தேவைக்காகப் பிறந்த அமைப்பு என்று சொல்லி இதைக் கலைத்துவிடச் சொல்பவர்கள், 1930-களில் அதைக் கலைத்துப் பார்த்தபோது என்ன ஆயிற்று என்பதை மறந்துவிடுகிறார்கள். ஜே.சி.ஓ. தட்டு இருக்க வேண்டும். இப்போது இருக்கிறபடி இருக்கக் கூடாது. தகுதியுள்ள ஹவில்தாரை முப்பது வயதுக்குச் சற்று மேலேயே நாயப் சுபேதார் ஆக்க வழி வேண்டும். தேறியவர்களுக்கு அதிகாரி வாசலை அகலத் திறக்க வேண்டும். ஜவானின் முறையீடு சாஹிபைத் தாண்டியும் அச்சமின்றிப் போகும் இன்னொரு வழி வேண்டும். ஊதியத்தைப் பொறுத்தவரை வாய்ப்பு கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. 2025-இல் அமைக்கப்பட்ட எட்டாவது ஊதியக் குழுவுக்குப் பரிந்துரை அளிக்க 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஜே.சி.ஓ.க்களுக்கான மிலிட்டரி சர்வீஸ் பேயை ஜவான்களின் கணக்கிலிருந்து பிரித்துத் தனியாக நிர்ணயிக்க அந்தக் குழு பரிந்துரைக்க வேண்டும்; நிதியமைச்சகம் இந்த முறை அதை மறுக்கக் கூடாது.