சிகிச்சை என்னும் சொல்

பழகிப்போன சொற்களை நாம் நின்று நோக்குவதில்லை. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்னும் மரபுவழி ஹார்மோன் நோயைப் பற்றிய மருத்துவ ஏடுகளில் நாற்பதாண்டுகளாக வழங்கும் 'கருநிலைச் சிகிச்சை' அத்தகையதொரு சொல். அது பொருந்துமா என்பதே என் வினா.

பெற்றோர் இருவரும் நோய்க்கூற்றைத் தாங்கியவராயின், ஒவ்வொரு கருவுக்கும் நோய்வர நான்கிலொரு வாய்ப்புண்டு. நோயுற்ற பெண்கருவில் ஆண்மை ஹார்மோன் மிகுந்து பிறப்புறுப்பு ஆண்சாயல் கொள்கிறது. இதைத் தடுக்கவே தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைக் கொடுக்கும் முறை 1984-இல் பிரான்சிலிருந்து வெளிவந்தது. மருந்தை 9-ஆம் வாரத்திற்குள் தொடங்கவேண்டும். நச்சுக்கொடித் திசுவைச் சோதித்து நோயை அறியவோ 10-ஆம் வாரமேனும் ஆகும். எனவே பெற்றோர் அறியாநிலையிலேயே முடிவெடுக்கின்றனர். எட்டுக் கருக்களில் பயன்பெறத்தக்கது ஒன்றே. இன்று தாயின் இரத்தத்தைக் கொண்டே ஆண்கருவை முன்னதாக அறிந்து விலக்கலாம். அப்போதும் பெண்கருக்கள் நான்கில் மூன்று நோயற்றவையே.

மேலும், இம்மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. பிறந்தபின் உடல் உப்பை இழந்து உயிருக்கே இடர் நேரலாம். அதற்குரிய மாற்று ஹார்மோன்களை வாழ்நாளெல்லாம் உட்கொண்டே ஆகவேண்டும்.

சுவீடன் ஆய்வாளர்கள், கருவில் இம்மருந்து பெற்ற நோயற்ற சிறாரிடம் சொல்சார் நினைவாற்றல் குன்றியிருக்கக் கண்டனர்; 2010-இல் புதிதாகத் தாய்மாரைச் சேர்ப்பதை நிறுத்தினர். வளர்ந்தோரிடம் அந்நாட்டிலேயே பின்னர் நடந்த ஆய்வில் அக்குறை தென்படவில்லை என்பதையும் மறைக்கலாகாது. எனினும் ஐயம் தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதனைச் சோதனை நிலையிலேயே வைத்தது. அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே இதைப் பெறலாம் என்றது.

நம் திருச்சபை ஏட்டையும் இங்கே உரசிப் பார்க்கவேண்டும். 1987-இல் வெளிவந்த 'தோனும் வீத்தே', கருவின்மீது செய்யப்படுவது அக்கருவின் நலனையே நாடவேண்டும், அளவுமீறிய இடரைத் தரலாகாது என்கிறது. நோயாளி யாரென்றே தெரியாத இச்சூழலை அது பெயரிட்டுப் பேசவில்லை. அது அவ்வேட்டின் குறை. ஆயினும் அதன் அளவுகோல் தெளிவானது. ஒருத்தியின் நலனுக்காக நோயற்ற பிறர்மீது சுமத்தப்படும் மருந்தை, அப்பிறருக்குச் 'சிகிச்சை' என்று எப்படி அழைப்பது?

மூத்த மகளை அறுவை மேசையில் கண்ட தாய் இம்மருந்தை நாடினால், அவளைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவள் அஞ்சுவது நியாயமே. ஆனால் 'சிகிச்சை' என்று கேட்டவள் மறுக்கத் தயங்குவாள். 'சோதனை' என்று கேட்டவளே வினவத் துணிவாள். வீட்டில் இருக்கும் அந்த மூத்த மகளும் நாளை இப்பேச்சைச் செவிமடுப்பாள். தன்னைப்போல் ஒருத்தி பிறப்பதே தவிர்க்கவேண்டிய கேடு என்று அவள் கொள்ளாதபடி நாம் பேசவேண்டும். மருத்துவர் முதலில் கொடுக்கவேண்டியது மாத்திரையன்று, சரியான சொல்.