இருங்கோவேள் குடியும் குறுநில மன்னர் வெற்றியும்

வலியுடையான் வெல்லுதல் உலகியற்கை. அதனைப் பாடுதற்குப் பெரும்புலமை வேண்டுவதின்று. வலியிற் குறைந்தான் வென்றவிடத்தே பாட்டிற்குப் பொருள் பிறக்கின்றது. புறநானூற்றுப் புலவர் இதனை நன்கு உணர்ந்தவர். ஆயின், சிறியோன் எவ்வாறு வென்றான் என்னும் வினாவிற்கு அவர்தம் பாடல்கள் தரும் விடை ஒன்று. கல்வெட்டுகள் உணர்த்தும் விடை வேறொன்று. புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரோடு தொடர்புடைய இருங்கோவேள் குடியைச் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

நாம் நிறுவக் கருதுவது இது: புறப்பாடல் தனித்து நிற்றலைப் போற்றியது, குறுநில மன்னரோ துணை தேர்ந்து நிலைத்தனர். அத்துணைத் தேர்வு நேரே பாடப்பெறாமையால், கபிலர் பாட்டு இருங்கோவேள்மேல் ஏற்றிய பழி ஒன்றனையே நாம் அறிந்தோம்; அவன் நின்ற நிலையை அறியாது விட்டோம்.

1. தனித்து நின்றார் இருவர்

பலரை ஒருவன் எதிர்த்த நிகழ்ச்சிகளுள் புலவர் உள்ளத்தை மிகக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று பறம்பு முற்றுகை. மற்றொன்று தலையாலங்கானத்துப் போர்.

பறம்பினை மூவேந்தரும் முற்றினர். உழவின்றி விளையும் மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் உடைய மலை அது. படையாற் கொள்ளலாகாது என்றார் கபிலர் (புறம் 109). பறம்பு நாட்டு முந்நூறு ஊர்களும் பரிசிலர்க்கு முன்னரே சென்றன; எஞ்சியவை பாரியும் மலையும் புலவருமே என்றும் பாடினார் (110). பாரி வீழ்ந்தான், பாட்டு நின்றது. தந்தையும் குன்றும் இழந்த மகளிர் நிலவை நோக்கி நினைந்த சிறுபாடல் (112) அவன் தோல்வியையே அழியாப் புகழாக்கியது.

தலையாலங்கானத்தில் இளையனாகிய நெடுஞ்செழியன் எழுவரை எதிர்த்து வென்றான். ஒருவனை ஒருவன் வெல்லுதல் புதிதன்று. எழுவரை ஒருவன் வென்றதனை இன்றே கேட்டோம் என வியந்தார் இடைக்குன்றூர் கிழார் (76). கிண்கிணி நீங்கிய காலில் கழல் ஏறியதும், பால்விட்டு உணவு உண்ணத் தொடங்கியதும் அன்றுதான் என்னுமாறு அவன் இளமையைக் காட்டினார் (77). யாம் பெரியம், அவன் இளையன், கொள்ளையோ பெரிது எனப் பகைவர் செருக்கியதனைச் சுட்டினார் (78). படைவகுப்பு யாது, துணைவந்தார் யாவர், களம் எவ்வாறு தேர்ந்தான் என்பவற்றுள் ஒன்றும் இப்பாடல்களில் இல்லை. தனியொருவன் என்னும் ஓவியம் சிதையாதிருத்தற்கு அவை விலக்கப்பட்டன என்பது எம் கருத்து.

துணை என்னும் பொருளைச் சங்கப் புலவர் அறியாரோ எனின், அறிவர். பெருவேந்தர் இருவர் ஒருங்கிருந்த காட்சியைக் காரிக்கண்ணனார் வாழ்த்தினார் (58). மலையமான் திருமுடிக்காரியைத் துணைவேண்டி மூவேந்தர் தூதரும் அடைந்தமையைக் கபிலர் பாடினார் (122). வென்றவனும் தோற்றவனும் ஒருங்கே அவன் ஆற்றலைப் பேசியதனை வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார் பாடினார் (125). ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. துணை தந்த சிறியோனைப் பாடினர். துணை பெற்று வென்ற சிறியோனைப் பாடும் மரபு அமையவில்லை. தருதல் புகழ், பெறுதல் புகழன்று. கொடைக்கு வகுத்த அளவுகோலையே புலவர் போருக்கும் கொண்டனர் என்க.

2. புறம் 202: மறுத்தவன் நிலை

பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோவினிடமும் (200), பின்னர் இருங்கோவேளினிடமும் (201) சென்றார். இருங்கோவேளின் குடி துவரையை ஆண்டு நாற்பத்தொன்பது தலைமுறை வந்த வேளிர்குடி எனச் சிறப்பித்து, மகளிரை ஏற்குமாறு வேண்டினார். அவன் ஏற்றிலன். அதன்மேற் பிறந்தது 202ஆம் பாட்டு. அரையம் என்னும் ஊர் அழிந்தமைக்குக் காரணம், அவன் குடியில் முன்னிருந்தான் ஒருவன் கழாத்தலையாரை இகழ்ந்தமையே என நினைவூட்டி, பாரி மகளிர் என்று கூறிய தம் சிறுசொல்லைப் பொறுக்குமாறு கேட்டு, அவன் வேல் வெல்லுமாறு வாழ்த்தி நீங்கினார்.

இவ்வாழ்த்து வசையின் கூர்மையை மிகுவிக்கும் முடிபாகும். அதனைப் பயில்வார் அனைவரும் கபிலர் பக்கமே நிற்பர், நிற்றலே முறை. ஆயின், திறனாய்வாளன் மற்றொரு வினாவையும் எழுப்புதல் வேண்டும். அம்மகளிரை மணந்தவன் யாருடைய பகையை மணந்தவனாவான்? பறம்பை வீழ்த்தியவர் மூவேந்தர். அவருள் ஒருவரையேனும் சாராது வாழ இயலாத சிறுநிலத்தான், மூவர்க்கும் பகையாயினான் குடியோடு உறவுகொள்ளுதல் தன் நாட்டையே பணயம் வைத்தலாகும். பாட்டில் அவன் விடை இல்லை. மறுத்தான் என்னும் செய்தி கொளுவாலேயே தெரிகின்றது. ஆகலின், அவன் உள்ளம் இதுவென அறுதியிட்டுரையாது, அவன் நிலை இதுவெனக் கூறுதலே அமையும்.

இருங்கோவேண்மான் என்னும் பெயர், தலையாலங்கானத்தில் தோற்ற எழுவருள்ளும் காணப்படுகின்றது (அகம் 36). பெருவேந்தர் போரில் ஒரு பக்கம் சார்ந்து தோற்றதன் விலையை இப்பெயருடையார் அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

3. குறள் கூறும் நெறி

புறப்பாடல் விட்டதனை எடுத்துரைக்கும் நூல் திருக்குறள். வலியறிதலுள் வினைவலி, தன்வலி, மாற்றான்வலி என்பவற்றோடு துணைவலியையும் எண்ணியறிய வேண்டுவனவற்றுள் ஒன்றாக வைத்தார் வள்ளுவர் (471). இடனறிந்து செய்வாராயின் வலியற்றாரும் வெல்வர் என்றார் (493). தனியனாய்ப் பலரைப் பகைப்பவன் பித்தரினும் அறிவிலி என்றார் (873). துணையின்றி இருபகைக்கு நடுவே நிற்பவன் அவற்றுள் ஒன்றை இனிய துணையாக்கிக் கொள்க என்றார் (875).

873ஆம் குறளைக் கையிற்கொண்டு நோக்கின், பாரியும் நெடுஞ்செழியனும் ஒருங்கே குறைகூறப்படுவர். புறநானூற்றைக் கையிற்கொண்டு நோக்கின், 875ஆம் குறள்வழி நடந்தவன் பாடப்பெறான். இம்முரணை உரையால் மழுப்புதல் தகாது. புறநானூறு வீரனை நோக்கிப் பாடியது. குறள் குடிகளைக் காக்க வேண்டிய அரசனை நோக்கி உரைத்தது.

4. கொடும்பாளூர் காட்டும் சான்று

சங்க இருங்கோவேளுக்கும் கொடும்பாளூர் இருக்குவேளிர்க்கும் இடையே சில நூற்றாண்டுகள் உள்ளன. பெயரொற்றுமை கருதி அறிஞர் பலர் இவர்களை ஒரு குடியினர் என்பர். எம் வாதம் குருதித் தொடர்ச்சியைச் சார்ந்ததன்று. நிலையின் ஒப்புமையைச் சார்ந்தது.

ஊரின் இருப்பிடம் முதற்கண் கருதத்தக்கது. சோணாட்டினின்று மதுரை செல்லும் வழி கொடும்பை நெடுங்குளத்தருகே சூலம்போல் மூன்றாகப் பிரியும் எனச் சிலப்பதிகாரக் காடுகாண்காதை கூறும். இன்றும் திருச்சிராப்பள்ளி மதுரைப் பெருவழி விராலிமலைக்கு அருகே இவ்வூரைத் தொட்டே செல்கின்றது. சோழர், பாண்டியர், பல்லவர் எனப் படை எவர் நடத்தினும் இவ்வழியைக் காப்போன் உதவி வேண்டற்பாலதாயிற்று. சிறுநிலமாயினும் இடத்தால் வலிபெற்றது என்க.

அடுத்தது மூவர்கோயில் கல்வெட்டு. மூன்று விமானங்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் உள்ளது. இவற்றை எடுப்பித்தவன் பூதி விக்கிரமகேசரி. அவன் காலம் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பாரும் 10ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி என்பாரும் உளர். கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுளாக அமைந்த கல்வெட்டு அவன் முன்னோரை வரிசைப்படுத்துகின்றது. பரதுர்க்கமர்த்தனன் வாதாபியை வென்றவன். சமராபிராமன் அதிராசமங்கலத்தில் சளுக்கியைக் கொன்றவன். விக்கிரமகேசரி பல்லவர் படையின் குருதியால் காவிரியைச் செந்நிறமாக்கியவன், வீரபாண்டியனை வென்றவன்.

செய்யுள் வடமொழியதாயினும் அதன் உள்ளம் புறப்பாடலின் உள்ளமே. ஒவ்வொருவனும் தனித்தே வென்றான் என்பது அதன் குரல். வாதாபியோ சளுக்கியப் பேரரசின் தலைநகர். வேள் ஒருவன் தன் படையே கொண்டு சென்று அதனை வென்றிருத்தல் இயலாது. பெருவேந்தன் படையோடு சென்றவனாகவே அவனைக் கொள்ளல் வேண்டும். அவ்வேந்தன் பெயரைச் செய்யுள் உரைக்கவில்லை.

ஆயினும் துணையின் சுவடு முற்றும் மறையவில்லை. சமராபிராமன் மனைவி அநுபமை சோழன் மகள் எனக் கல்வெட்டே கூறுகின்றது. விக்கிரமகேசரியின் மக்கள் இருவர் பெயர் பராந்தகன், ஆதித்தன். இரண்டும் சோழர் பெயர். அவனோடு ஒருவனாகப் பலராலும் கருதப்படும் வேளின் பட்டமோ தென்னவன் இளங்கோவேள். அது பாண்டியச் சார்பைக் காட்டும் பட்டம். தென்னவன் இளங்கோவேளின் மகள் பூதி ஆதித்த பிடாரி முதற் பராந்தகன் மகன் அரிகுலகேசரியை மணந்து, திருச்செந்துறையில் கற்றளி எடுப்பித்தாள். இருபகையுள் ஒன்றைத் துணையாக்கும் நெறி இங்குப் பட்டத்திலும் மக்கள் பெயரிலும் மணவுறவிலும் எழுதப்பட்டுள்ளது. போர்ச்செய்யுள் மறைத்ததனைக் குடும்பச் செய்தி காட்டிக் கொடுக்கின்றது.

5. ஓர் ஒப்பீடு

இவ்வாறு துணையை மறைத்தல் வீரக்கதைக்குப் பொதுவியல்போ எனின், அன்று. 14ஆம் நூற்றாண்டினரான லுவோ குவான்சோங் இயற்றியதாகக் கூறப்படும் சீன நெடுங்கதை, மூன்று அரசுகளின் வரலாற்றைக் கூறுவது. அதன்கண் நிலமின்றி அலைந்த லியூ பெய், கி.பி. 208இல் தென்னாட்டுச் சுன் சுவானோடு சேர்ந்து, சாவோ சாவோவின் பெரும்படையைச் செம்பாறைக் களத்தில் தீயினால் வென்றனர். ஆசிரியர் அத்துணையை மறைக்கவில்லை. சூகெ லியாங் தூது சென்று சுன் சுவானை இசைவித்த திறத்தைக் கதையின் உயர்ந்த பகுதிகளுள் ஒன்றாக்கினார். இக்கதையைக் களமாகக் கொண்ட இக்காலக் கணிப்பொறிப் போர்விளையாட்டுகளிலும் வலியற்ற தலைவனைத் தேர்ந்து, எவரோடு சேர்வது என எண்ணி வெல்லுதலே ஆடுவார்க்குச் சுவை தருகின்றது. சீனக்கதை சூழ்ச்சியைச் சுவையாக்கிற்று. நம் புறப்பாடல் உறுதியைச் சுவையாக்கிற்று. ஒன்று மற்றொன்றனுக்குத் தாழ்ந்ததன்று, பார்வை வேறு.

6. வெற்றியின் விலை

இருக்குவேளிர் வென்றனர் என்னும்போது விலையையும் எண்ணுதல் வேண்டும். கொடும்பாளூர்ச் சிறியவேளான் சுந்தர சோழன் காலத்து ஈழப்போரில் பட்டான் எனக் கல்வெட்டால் அறிகின்றோம். தன் மலையில் தன் பொருட்டு வீழ்ந்தான் பாரி. கடல் கடந்து பிறன் பொருட்டு வீழ்ந்தான் இவ்வேள். சோழர் பேரரசு வளர வளரக் கொடும்பாளூர் வேளிர் அவ்வரசின் படைத்தலைவராகவும் அலுவலராகவும் அடங்கினர். குடி நின்றது, கோன்மை தேய்ந்தது.

இதே மாவட்டத்தில் இவ்வினா பிற்காலத்தும் எழுந்தது. 1686 முதல் 1948 வரை நின்ற புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசு, வலிய துணையைச் சார்ந்து நிலைத்தது. 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தமையால் அது பெற்ற பழியும் மறையவில்லை. வீழ்ந்தவனைப் பாடிய நாட்டுமக்கள் நிலைத்தவனைப் பாடினாரல்லர். புறநானூற்று அளவுகோல் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இது சான்றாம்.

இக்கட்டுரை இருங்கோவேளைப் பழியினின்று விடுவிக்க எழுந்ததன்று. ஆதரவற்ற மகளிரை ஏலாமை குறையே. கபிலர் சொல் பொய்யாகாது. ஆயினும் அச்சொல் அறத்தின் தீர்ப்பு. அரசியலின் முழுவரலாறு அன்று. அது பழித்த பெயருடையார் பின்னர் மணவுறவையும் படைக்கலமாகக் கொண்டு சில தலைமுறை நிலைத்தனர் என்பதையும் உடன்வைத்துக் கற்றல் வேண்டும். குறுநில மன்னரை ஆராயப் புகும் மாணவர், போர்ச்செய்யுளை ஒரு கையிலும் மணமகளிர் பெயர் தாங்கிய கல்வெட்டை மறுகையிலும் கொள்வாராக. முன்னது அவர் எவ்வாறு நினைக்கப்பட விரும்பினர் என்பதைக் கூறும்; பின்னது அவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கூறும்.